ஜன்னல் எந்தப் பக்கம்

சுவர் என்று ஒன்று இருந்தால் மனிதன் சாயத்தான் செய்வான். நானும் சாய்ந்தேன். சுவரும் என்னோடு கிளம்பி வந்துவிட்டது.

நான் விழுந்த இடம் என் அக்காவின் குழந்தைப் பருவம். விளக்கமாகச் சொன்னால், அவள் மாதக்கணக்கில் பிளைவுட்டிலும் அட்டையிலும் துணியிலும் கட்டியெழுப்பிய ஓர் அறை. நாங்கள் இருவரும் சின்ன வயதில் இருந்த வீட்டின் கூடத்தை ஞாபகத்திலிருந்து எடுத்து, ஒரு கலைக்கூடத்தின் வெள்ளைத் தரையில் அப்படியே இறக்கி வைத்திருந்தாள். மறுநாள் மாலை திறப்பு. நான் ஒரு காலில் நின்றுகொண்டு மற்றொரு காலின் ஷூ நாடாவைக் கட்டினேன். நடந்தது அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். மல்லாந்து கிடந்த சுவரையும், அதன்மேல் மல்லாந்து கிடந்த தம்பியையும் பார்த்தாள். குனிந்து மெதுவாகத் தடவினாள். சுவரைத்தான்.

"அடி எதுவும் படலியே?"

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"உன்னை யாரு கேட்டா?"

அக்கா இதை இன்ஸ்டலேஷன் என்பாள். நான் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடையிலும் அந்தச் சொல் உண்டு. கம்பியை அடித்து, திரையை மாட்டி, ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் இன்ஸ்டலேஷன் முடிந்தது. அக்காவுடையது அப்படி முடிகிற ஜாதி இல்லை. இது நினைவைப் பற்றியதா, இடத்தைப் பற்றியதா என்று ஒருமுறை கேட்டேன். "நான் யாருங்கறதைப் பத்தினது" என்றாள். நீ யார் என்று எனக்குத் தெரியுமே, எதற்கு இவ்வளவு பலகை என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் உள்ளே இருந்த விஷயம் வேறு. நல்ல வேலையை விட்டுவிட்டு அக்கா கலைக்குள் இறங்கியதிலிருந்து, அம்மா அவளுடைய ஒரு கண்காட்சிக்கும் வந்ததில்லை. ஒரு தடவை முட்டி வலி, ஒரு தடவை மழை, ஒரு தடவை எதுவுமே இல்லை. இந்த முறை பழைய வீட்டைக் கட்டப்போகிறேன் என்று சொன்னதும், அம்மா போனில் "வரேன்" என்றாளாம். அம்மா உள்ளே காலை வைத்ததும் "அட, நம்ம வீடு" என்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு அது போதும். இதை என்னிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஆணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதனால் எனக்கும் அது போதும் என்று ஆகிவிட்டது.

சாயந்திரத்துக்குள் சுவரை நிமிர்த்தி வைப்பது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். அக்கா பெயின்ட் வாங்கப் போனாள். அவள் அமர்த்தியிருந்த தச்சரும் நானும் சுவரைத் தூக்கினோம். தூக்கும்போதுதான் கவனித்தேன், ஜன்னல் தப்பான பக்கத்தில் இருந்தது.

நாள் முழுக்க ஜன்னலை அளப்பவன் நான். அந்த வீட்டைக் காலி செய்தபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு ஐந்து. இருந்தாலும் ஜன்னலுக்கென்று பிறந்தவனுக்கு வயது ஒரு தடையா? வாசலில் நின்று பார்த்தால் ஜன்னல் இடது பக்கம். சாயந்திர வெயில் என் கால் மேல் விழும். அக்கா அதை வலது பக்கம் வைத்திருந்தாள். சரி, விழுந்ததுதான் விழுந்தது, திருத்தியே நிமிர்த்திவிடலாம் என்று தச்சரிடம் சொல்லிப் பக்கம் மாற்றி வைத்தேன்.

அக்கா திரும்பி வந்து பெயின்ட் டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஜன்னல் ஏன்டா அங்க போச்சு?"

"அங்கதான் இருந்தது. நீதான் மாத்தி வெச்சுட்ட."

"காலை வெயில் என் மூஞ்சியில விழும். வலது பக்கம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"உனக்கா? போன வாரம் கார்ல வரும்போது வலது பக்கம் திரும்புன்னு சொல்லிட்டு இடது கையை நீட்டின."

"நீட்டினது கை. சொன்னது வாய். வாய்தான் சரி."

வழக்கு அம்மாவிடம் போனது. அப்பாவைக் கேட்க வழியில்லை. லாரி ஓட்டியவர், இருந்த காலத்திலேயே வீட்டில் இருந்தது குறைவு. இப்போது இல்லவே இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரம் நோயாளிகளின் முகத்தை மறக்காதவள், ஒரு ஜன்னலையா மறப்பாள்? ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, பழைய வீட்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"

"எந்த வீட்ல?"

"நான் பொறந்த வீட்ல."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு. ஜன்னல்மா."

"அக்கா சாப்பிட்டாளா?"

அக்கா சாப்பிட்டதையும், என்ன சாப்பிட்டாள் என்பதையும், அது ஏன் உடம்புக்கு ஆகாது என்பதையும் பேசி முடித்ததும், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள். அம்மா எப்போதும் இப்படித்தான். அந்த வீட்டைப் பற்றி எது கேட்டாலும் பேச்சு நேராகச் சோற்றுப் பக்கம் திரும்பிவிடும்.

கடைசியில் சமாதானம் பேசி, இரண்டு பக்கமும் ஜன்னல் வைப்பது என்று முடிவானது. அப்படி வைத்ததும் கதவுக்கு இடம் இல்லாமல் போனது. கதவை மூலைக்குத் தள்ளினோம். பலகை பற்றாமல் கதவு ஒடுங்கிப் போய், ஒருக்களித்தால்தான் உள்ளே போகலாம் என்று ஆனது. தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு, கட்டில் எங்கே வரும் என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் தெரியவில்லை.

"தூங்கினதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றாள் அக்கா. கட்டில் இல்லாமலே வேலை நடந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை. மீன் தொட்டி. சுவர் அலமாரியில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து வயதுக்குப் பிறகு அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் உடனே வீட்டுக்கு ஓடி, என் மகளிடம் கெஞ்சி, அவளுடைய மீன் தொட்டியை மீனோடு தூக்கி வந்தேன். அலமாரியை நானே அடித்துக்கொள்கிறேன் என்று தச்சரை அனுப்பிவிட்டேன். அங்கேதான் தவறினேன்.

திரைக்கம்பி அடித்த கைக்கு அலமாரி ஒரு பொருட்டா என்ற எண்ணம். அலமாரி லேசாகச் சரிந்து நின்றது. தொட்டி அதனோடு சரிந்தது. தண்ணீர் எதனோடும் சரியாமல் நேராக நிற்கப் பார்த்து, விளிம்பு தாண்டி வழிந்தது. கீழே அக்கா சிவப்பு சிமென்ட் தரைக்காகப் பூசிய சாயம் இன்னும் காயவில்லை. செந்நிற ஓடை ஒன்று மூலைக் கதவைக் கண்டுபிடித்து, கலைக்கூடத்தின் வெள்ளைத் தரைக்குள் இறங்கி நடந்தது.

கைக்கு எட்டிய துணியை எடுத்து அணை கட்டினேன். அது ஜன்னல் திரை. மூன்று வாரம் டீத்தூளில் ஊறவைத்து அக்கா அதற்குப் பழைய நிறம் கொண்டுவந்திருந்தாள். அது இப்போது கசாப்புக் கடைத் துணி மாதிரி ஆனது. ஈரத்தை உலர்த்த மின்விசிறியைப் போட்டேன். அட்டையில் செய்த பீரோ எழுந்து பறந்து மீன் தொட்டியை முட்டியது. தொட்டி பிழைத்தது, மீன் பிழைத்தது. பீரோ பிழைக்கவில்லை.

அந்த நேரத்தில் கலைக்கூடத்தின் பொறுப்பாளர் வந்தார். ஒற்றைக் காதில் மட்டும் கம்மல் போடும் பெண்மணி. சிவப்பு ஓடையைக் கைகட்டி நின்று பார்த்தார். நான் துடைப்பத்தோடு தயாராக இருந்தேன்.

"துடைக்கட்டுமா, விடட்டுமா?" என்று கேட்டேன்.

"அதைத் தண்ணிதான் முடிவு பண்ணணும்" என்றார்.

எங்கள் கடையில் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டால் ஒரு பதில் வரும். இங்கே கேள்வி கேட்டால் பெருமூச்சுதான் வருகிறது. பாதியைத் துடைத்து பாதியை விட்டேன். அக்கா உட்கார்ந்து, உடைந்த பீரோவின் கதவை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு அடையாளமே தெரியாது" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கூட்டம் வந்தது. இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும், எதன் மேலும் சாயக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. ஒவ்வொருவரும் வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து உள்ளே போனார்கள். நினைவுக்குள் நுழைவது அவ்வளவு எளிதில்லை என்பதை அந்தக் கதவு உணர்த்துவதாகத் தாடிக்காரர் ஒருவர் சொன்னார். பலகை பற்றவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அம்மா வந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி வாசலில் நின்றாள். பிறகு ஒருக்களித்து உள்ளே போனாள். உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா ஒரு ஜன்னலைத் தொட்டாள். திரும்பி வந்து இன்னொரு ஜன்னலைத் தொட்டாள். மீன் தொட்டிக்கு முன்னால் நின்று கண்ணாடியில் விரலால் தட்டினாள். மீன் வந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

நாங்களும் உள்ளே போனோம். அம்மா அக்காவின் கன்னத்தைத் தடவினாள்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

அக்கா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நல்ல தம்பியாக இருந்திருந்தால் நான் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் நான் அளவு எடுக்காமல் எந்த ஜன்னலையும் விட்டு வந்தவன் இல்லை.

"அம்மா, இப்பவாவது நேரா பதில் சொல்லு. சாப்பிட்டியான்னு கேக்காத. ஜன்னல் எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான்."

நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் ஜெயித்துவிட்டோம்.

"மீன் தொட்டி?"

"இருந்துச்சு. இதைவிடக் கொஞ்சம் பெருசு."

"அப்ப எல்லாமே சரி. நம்ம வீடு இதேதான். இத்தனை வருஷமா கேட்டா ஏம்மா வாயே திறக்கல?"

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் அக்காவையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டாள்.

"இது எதிர்வீட்டுக்காரங்க வீடுடா. விடியறதுக்கு முன்னாடி எனக்கு டூட்டி. தூங்கிட்டிருக்கிற உங்களை அப்படியே தூக்கிட்டுப் போய் இங்க விடுவேன், நான் திரும்பி வரும்போது மறுபடியும் தூங்கியிருப்பீங்க, தூக்கிட்டு வந்துடுவேன். நம்ம வீட்டை நீங்க ரெண்டு பேரும் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்ல."