தும்புத்தடியாரும் இரண்டு நாள் விதியும்

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. அதைச் சொல்லுமுன் ஆளைச் சொல்ல வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் ஏற்றவும் இறக்கவும் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர். அழிக்கத் தெரிந்தவர் எங்கள் தும்புத்தடியார் ஒருவர்தான். தும்புத்தடி என்றால் கூட்டுகிற விளக்குமாறு; அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பட்டம் அது.

மீன்பிடிப் படகுகளுக்கு இடங்காட்டிக் கருவி பூட்டும் சிறிய நிறுவனம் எங்களுடையது. கருவிகள் அனுப்பும் சைகைகள் ஒரு தேடல் களஞ்சியத்தில் சேரும். படகின் பெயரைத் தட்டினால் அது எங்கெங்கே நின்றதென்று திரையில் புள்ளிகள் விழும். தொலைபேசிக்குப் பதில் சொல்வது நான். களஞ்சியத்தைக் காப்பது அவர். சைகைகளைப் பொதி பொதியாகச் சேர்த்து மூடுவார். மூடி முப்பது நாளானால் கணினியே அதை அழித்துவிடும். அந்த விதியை எழுதியவரும் அவர்தான், அதன்படி வாழ்ந்தவரும் அவர்தான்.

காலை எட்டரைக்கே அன்றைய நாட்காட்டித் தாளைக் கிழித்துவிடுவார். நான் பாதி குடித்த தேத்தண்ணியைக் கழுவி ஊற்றுவார். அவருடைய கைத்தொலைபேசியில் மனைவியின் இலக்கம்கூட இல்லை.

“அவசரத்துக்கு என்ன செய்வீங்கள்?” என்று கேட்டேன்.

“அவதானே எனக்கு எடுக்கிறவ, அக்கா.”

கோபத்துக்கும் தவணை வைத்திருந்தார். திங்கட்கிழமை என்னைக் கிழிகிழியென்று கிழிப்பார். வியாழக்கிழமை வந்து, “சாப்பிட்டீங்களோ?” என்பார். முகத்தைத் திருப்பினால், “அது காலாவதி அக்கா, நீங்கள் இன்னும் வச்சிருக்கிறீங்களோ?” என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவார். ஒரு செத்த வீட்டில் மலர்வளையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதை எப்ப எடுப்பினம்?” என்று கேட்டதும் இவர்தான். அன்றைக்கு நாங்கள் இவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம்.

அந்த வியாழன் மூன்று பத்துக்குக் களஞ்சியம் நிரம்பி, சைகைகள் உள்ளே வராமல் நின்றன. முதலாளி அறையிலிருந்தபடியே கத்தினார்: “முப்பது நாள் என்னத்துக்கு? இரண்டாக் குறையுங்கோ!”

தும்புத்தடியாருக்குப் பெருநாள் வந்த மாதிரி. விதியை மாற்றிவிட்டுக் கையைத் தட்டினார். “பாருங்கோ அக்கா, எவ்வளவு இடம்!”

சிறிது நேரத்தில் கிண்ணியாவிலிருந்து, எங்கள் கருவி பூட்டிய படகொன்றின் சொந்தக்காரர் ஜவாத் நானாவின் மனைவி தொலைபேசி எடுத்தா. “தங்கச்சி, காலையில வாற படகு இன்னும் வரல்ல.”

என் மகன் நிரோஷன் அந்தப் படகில் இருந்தான். எஞ்சின் பார்க்கவென்று ஞாயிற்றுக்கிழமை நானாவோடு போனவன். படகில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெயரைத் தட்டினேன். ஒரே ஒரு புள்ளி விழுந்தது. செவ்வாய் மத்தியானத்துப் புள்ளி. அதற்குப் பிறகு கருவி பேசவில்லை. அதற்கு முந்தியவை எல்லாம் செவ்வாய் காலை மூடிய பொதியில் இருந்தவை. மூடி இரண்டு நாள் கடந்திருந்ததால் அந்தப் பொதி சற்று முன்னர்தான் போயிருந்தது. செலவென்று முதலாளி நகலும் வைக்கவிடவில்லை.

கடற்படைக்கு அறிவித்தேன். அதிகாரி தொலைபேசியில் கேட்டது ஒன்றைத்தான். படகு எந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது? ஒரு புள்ளி இடத்தைச் சொல்லும். திசையைச் சொல்ல இன்னொன்று வேண்டும்.

“என்ட பிள்ளையையும் சேத்து அழிச்சுப்போட்டீங்களே!” என்று அலுவலகமே அதிரக் கத்தினேன்.

அவர் திரையில் விதியைத் திறந்து காட்டினார். “முப்பதெண்டு திருப்பி எழுதிட்டன், அக்கா.”

“எழுதினா வருமோ?”

“வராது.”

திசை தெரியாததால் சுற்றிவர எல்லாப் பக்கமும் தேடினார்கள். வெள்ளி பின்னேரம், ஈச்சிலம்பற்றுக்கு நேரே நடுக்கடலில் படகைக் கண்டார்கள். நிரோஷனுக்கு உயிர் இருந்தது. ஜவாத் நானாவுக்கு இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகனின் உதடு வெடித்திருந்தது. “அம்மா, இண்டைக்கு விடியும்வரைக்கும் நானா கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர். தண்ணியை எனக்குத்தான் தந்தவர்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம் என்பதை இன்றுவரை எண்ண விடாமல் மனதைப் பிடித்து வைத்திருக்கிறேன். நானாவின் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. “தகவல் இருந்தா சொல்லுங்க தங்கச்சி” என்று அந்த மனிசி மறுபடியும் மறுபடியும் எனக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தா. முதலாளியின் தொலைபேசி அணைந்து கிடந்தது. பிள்ளையை விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் போய் அந்த வாசலில் நிற்க என்னால் முடியவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் தும்புத்தடியார் வந்து நின்றார். மகன் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முகம் சாம்பலாக இருந்தது. வாங்குப் பலகையில் தள்ளி இருந்து இடம் விட்டேன். அவர் இருக்கவில்லை. என் மடியில் அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை மெதுவாக எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“நானாட வீட்டுக்கு நான் போய்ச் சொல்லுறன், அக்கா. நீங்கள் பிள்ளையோட இருங்கோ.”