இலைக்கு ஒரு நோயாளி தேவை

கோப்பெங் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு வீடு கட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில், புற்றுநோயை அடியோடு ஒழிப்பதென்று மக்கள் நலக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. நோயை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

ஆயுதம், துரியான் பெலாண்டா என்கிற முள்சீத்தா இலை. வீட்டுக்கு வீடு நிற்கும் மரம்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பவித்ரன் திரையில் படம் போட்டு விளக்கினான். இலைச்சத்து புற்று உயிரணுவுக்குள் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ உண்டாக்குமாம். இரும்பு துருப்பிடிப்பதுபோல உயிரணு உள்ளேயே கெட்டுச் சாகுமாம்.

"எங்க செத்துச்சு, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டுல, அங்கிள்."

"கட்டி வந்திருக்கிற என் தங்கச்சி தட்டு இல்லையே."

"மனுசங்ககிட்ட இன்னும் சரியா பாக்கல..."

தலைவர் டத்தோ பழனியப்பன் மைக்கைப் பிடுங்கினார். "அதனாலதான் நாம முந்திக்கிறோம்லா."

போன வருடம் இதே டத்தோ, உடம்பின் துருவை நீக்கும் என்று மங்குஸ்தீன் சாறு விற்றார். அந்த முரணைக் கேட்டதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"காலையில துருவ எடுக்கணும், சாயங்காலம் ஏத்தணும்."

என் வீட்டோடு இருக்கும் தங்கை காளியம்மாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. செவ்வாய்க்கிழமை ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அன்றைக்கே இலைச்சாறு தொடக்க விழா. சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. கையால் முதல் குவளையைப் பெற்றுக்கொள்ள, முறைப்படி ஒரு நோயாளி வேண்டும். டத்தோ வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆபரேஷன தள்ளிப் போடலாம் அண்ணே. ஒய்.பி. தேதிய தள்ள முடியாது."

காளியம்மா தலையாட்டினாள். கத்திக்குப் பயந்தவள், மேடையில் பொன்னாடை வேறு. ஏற்கெனவே இரண்டு நாளாகச் சாறு குடித்துக்கொண்டிருந்தாள். திட்டித் தீர்த்து அவளைக் காரில் ஏற்றினேன். ஈப்போ வரைக்கும் அழுதாள்.

அதற்காக விழா நின்றுவிடுமா? இருமல்காரன் சீனியை நோயாளி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"எனக்கு என்ன நோய்னு சொல்லணும், டத்தோ?"

"நீ ஒண்ணும் சொல்லாத. இருமு."

ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை. தங்கை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். டத்தோ பழக்கூடையோடு வந்து அவளைப் படம் எடுத்துப் போனார். மறுநாள் தாமான் வாசலில் பேனர்: ‘இலை தந்த வாழ்வு — திருமதி காளியம்மா.’

"இது என்ன பொய்?" என்றேன் அவளிடம்.

"ரெண்டு நாள் குடிச்சேன்ல, அண்ணே. அதுவும் கேட்டிருக்கும்."

பக்கத்து வீட்டுக் கலாதேவிக்கும் அதே கட்டி. பேனரைப் பார்த்தவள், ஆபரேஷன் வேண்டாமென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு நேராக எங்களிடம் வந்தாள். அவள் வீட்டிலும் அந்த மரம் நிற்கிறது.

"உங்க கையால பறிச்சுக் குடுங்கக்கா. அந்த ராசி எனக்கும் வரட்டும்."

தையல் பிரித்த புண் இழுக்க இழுக்க, என் தங்கை எட்டி, நல்ல இலையாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தாள்.