அக்காவும் மீட்டர் கோலும்

அச்சில் எதைப் பார்த்தாலும் நம்பிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் வந்தது. அதிலும் எண்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கடிகாரமும் சூரியனும் முரண்பட்டால் சூரியன்தான் தப்பு என்பேன் (அப்படி ஒரு படிப்பு).

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊர் விழிதியூரில் பாக்கியம் அக்காவுக்குச் சிங்கப்பூரில் இருக்கிற மாப்பிள்ளை ஒருவரின் சம்பந்தம் வந்தது. பெண்ணின் படம் வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். அவருடைய தாய்மாமன் வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறார். அதற்குள் படம் கைக்கு வராவிட்டால், அவர் பையில் ஏற்கெனவே இருக்கிற வேறொரு பெண்ணின் படம் மட்டும் போய்ச் சேரும். அக்கா திங்கட்கிழமையே பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள்.

நிச்சயமாகாத பெண்ணைப் படக்கடைக்குக் கூட்டிப்போனால் நாலு பேர் பேசுவார்களே என்று அப்பா தயங்கினார். நான் எழுந்து நின்றேன்.

"நானே புடிக்கிறேம்ப்பா."

என்னோடு படித்த யூசுப்பின் வாப்பா பினாங்கில் வியாபாரம் செய்பவர். அங்கிருந்து வந்த மடக்குக் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. அதைக் கொடுக்கும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ஆள் நிற்கிற தூரத்தை அளந்து, கண்ணாடியைச் சுற்றியிருக்கிற வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும், தூரம் பிசகினால் படம் மங்கிவிடும்.

அளப்பதற்கு எனக்கா பாடம்? துணிக்கடையில் மீட்டர் கோலை இரவல் வாங்கினேன். வளையத்தை ஆறில் வைத்தேன். ஆறு கோல் அளந்து அக்காவை நிறுத்தி, படச்சுருளில் இருந்த எட்டுப் படங்களையும் எடுத்துத் தீர்த்தேன்.

படக்கடையில் கழுவி வந்தபோது எட்டிலும் புகைக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டாற்போல இருந்தது. கை ஆடியிருக்கும், இல்லாவிட்டால் கண்ணாடியில் தூசி இருக்கும் என்றார் கடைக்காரர்.

புதன்கிழமை இரண்டாவது சுருள். கண்ணாடியை அம்மாவின் பழைய புடவைத் துண்டால் துடைத்தேன். முக்காலிமேல் செங்கல் அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தேன். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்றேன்.

"படிச்ச புள்ள சொல்றான்ல, அடக்குடி," என்றாள் அம்மா.

நான் 'அன், தெ, த்ருவா' என்று பிரெஞ்சில் எண்ணியதால் எப்போது மூச்சுவிடலாம் என்பது கடைசிவரை அக்காவுக்குத் தெரியவில்லை.

தூரத்திலும் ஒரு திருத்தம் செய்தேன். ஆறு கோலில் அரைச் சாண் பிசகினால் பெரிய தப்பு. பத்துக் கோலில் அதே அரைச் சாண் சின்னத் தப்பு. (எவ்வளவு அறிவு பாருங்கள்.) வளையத்தைப் பத்தில் வைத்துப் பத்துக் கோல் அளந்தேன். அக்கா மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப்போய், வைக்கோல்போரில் முதுகு இடிக்க நின்றாள்.

"தம்பி, படம் புடிக்கிறியா, என்னய வழியனுப்புறியா?"

ஏழு படம் முடிந்தது. எட்டாவதுக்கு விரலை வைக்கும்போது, கட்டவிழ்ந்த எங்கள் ஆடு வாயில் ஒரு வேலிக் கிளுவை இலையோடு குறுக்கே வந்து நின்று என்னைப் பார்த்தது. அக்கா அடக்கிய மூச்செல்லாம் சிரிப்பாக வெடித்தது. என் விரல் அழுத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை படங்கள் வந்தன. ஏழும் அதே புகை. எட்டாவதில் ஆடு! ஒவ்வொரு ரோமத்தையும் எண்ணலாம். இலையில் நரம்புகூடத் தெரிந்தது. ஆட்டின் காதுக்குப் பக்கத்தில், ஆட்டைவிடச் சிறியதாக, மங்கலாக ஒரு பட்டுப்புடவை சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "ஆடு நல்லா விழுந்திருக்கு," என்றார். மாமன் கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே உறையில் போட்டு அனுப்பினோம். அக்கா பட்டுப்புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். நாலு அறை கொடுத்திருந்தால் தேவலை.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடையில் சேர்க்க வேண்டிய மீட்டர் கோலும் என் கையில் இருந்தது. யூசுப் மங்கிய படங்களைப் பார்த்தான். கோலைப் பார்த்தான்.

"இதாலயா அளந்தே?"

"ஆமா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பினாங்கு இங்கிலீஷ்காரன் ஊருடா. இந்தக் கேமரா அடிக்கணக்கு. பத்துன்னா பத்தடி, உன் கோலுக்கு மூணுதான். எங்க நிக்கணும்னு உங்க ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'ஆட்டைத் தெளிவாகப் பார்த்தேன். பின்னால் நின்று சிரிப்பவர்தான் பெண் என்றால் எனக்குச் சம்மதம்.'

அக்காவுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். போன மாதம் ஊருக்கு வந்திருந்த அத்தான், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புதுக் கேமராவில் குடும்பத்தைப் படம் பிடித்தார். எல்லோரும் வரிசையாக நின்றோம். கேமராவில் கண் வைத்தவர், "மச்சான், நீங்க மட்டும் கொஞ்சம் பின்னால போங்க," என்றார். போனேன். "இன்னும் கொஞ்சம்." போனேன். "இன்னும்."

முதுகில் வைக்கோல் குத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தால், அக்கா மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.