நீல வளையம் தள்ளிய திசை

சிகடோகா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த வாரம் வெறுங்கையோடு திரிந்தவர்கள் கைக்குழந்தைகளும் அறிவியல் டீச்சர் மெரெசெய்னியும்தான். மற்ற எல்லாருடைய மணிக்கட்டிலும் ஒரு நீல ரப்பர் வளையம். ஆழ்கடல் காந்தம் ஏற்றியதாம். மாட்டினால் பூமியின் விசை உடம்பில் இறங்குமாம். அதுவரை பூமி சும்மா இருந்தது போல!

கொண்டுவந்தவர் இலியேசா. தலைநகர் சுவாவிலிருந்து வந்த பளபளப்புச் சட்டைக்காரர். பள்ளி மைதானத்தில் ஆளை நிறுத்தி, கால்களை ஒட்டிவைத்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். அழுத்துவார். ஆள் சாய்வான். வளையத்தை மாட்டி மறுபடி அழுத்துவார். ஆள் அசையமாட்டான். கூட்டம் ஆர்ப்பரிக்கும். பாதிரியார்கூடக் கை தட்டினார்.

ஒன்பதாம் வகுப்பு செமிதான் பள்ளி ரக்பி அணியின் தலைவன். முழங்கால் தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் அப்பா அபிசாய், முட்டியில் போட்டிருந்த துணிக்கட்டை அவிழ்த்தெறிந்து வளையத்தை மாட்டிவிட்டார். சனிக்கிழமை இறுதி ஆட்டமாயிற்றே!

மெரெசெய்னி அவர் வீட்டுக்கே போனாள்.

"அண்ணே, ஆடுனா பையன் காலத்துக்கும் நொண்டுவான்."

"நீங்க விசையைப் புஸ்தகத்துல காட்டுறீங்க மிஸ். அவரு என் கையிலயே காட்டுறாரு. நான் யாரை நம்புறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "இலியேசா மாதிரி ஒருத்தரை ஒருத்தர் அழுத்திப் பாருங்க" என்றாள். வகுப்பு சந்தையானது. அதில் இருந்ததிலேயே பொடிசான லுசியானா திடீரென்று கத்தினாள்.

"மிஸ்! வெளிப்பக்கமா இழுத்து அழுத்துனா விழறான். உள்பக்கமா, காலைப் பாத்து அழுத்துனா நிக்கிறான். வளையமே வேணாம்!"

"அதேதான். விசைக்கு அளவு மட்டுமில்ல, திசையும் உண்டு. அந்த ஆளு திசையை மாத்துறாரு. நாம வளையத்தைப் பாத்துட்டு நிக்கிறோம்."

வெள்ளிக்கிழமை மைதானம் நிரம்பியது. மெரெசெய்னி வரிசையாக நின்றவர்களின் மணிக்கட்டில் துணி சுற்றினாள். சிலருக்கு உள்ளே வளையம், சிலருக்கு ஒன்றுமில்லை.

"யாருக்கு வளையம் இருக்குன்னு அழுத்திப் பாத்துச் சொல்லுங்க சார்."

"சந்தேகப்பட்டா காந்தம் கோவிச்சுக்கும்" என்றார் இலியேசா.

காந்தத்துக்குக் கோபம் வரும் என்று உலகம் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

"பயமா இருக்கா மாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. வேறு வழியில்லை, அழுத்தினார். வளையம் இருந்த போலீஸ்காரர் விழுந்தார். ஒன்றுமில்லாத மீன்காரி மலை போல நின்றாள். இலியேசா சொன்னதில் பாதிக்குமேல் தப்பு.

"இன்னிக்குக் காத்து சரியில்ல" என்றார்.

"அப்ப நீங்களே மாட்டிக்குங்க" என்றாள் மெரெசெய்னி. இரண்டு கைகளிலும் முழங்கைவரை வளையங்களை அடுக்கினார்கள். மனிதர் கையை நீட்டி விறைப்பாக நின்றார். லுசியானா வந்து அவர் விரல் நுனியைப் பிடித்து, வெளிப்பக்கமாகக் கீழே ஒரு அழுத்து அழுத்தினாள். ஆழ்கடல் காந்தம் முழுவதும் புல்லில் மல்லாந்தது.

அபிசாய் சிரிக்கவில்லை. மகனருகே மண்டியிட்டு, முட்டியில் துணிக்கட்டை மறுபடி சுற்றினார். "நாளைக்கு நீ ஆட வேணாம்டா. அப்பன் முட்டாளாயிட்டேன்."

சனிக்கிழமை தோற்றோம். செமி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினான். கால் மிச்சமானது.

திரும்பும் வழியில் நாலு பேர் பேசிக்கொண்டு போனார்கள்: "வளையத்தைக் கழட்டுனதாலதான் தோத்தோம்."

இலியேசா ஊரைவிட்டுப் போய்விட்டார். இவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். அடுத்து இன்னொருவன் வருவான். அவன் கையில் இருப்பதைப் பார்க்காதீர்கள் மகாஜனங்களே. அந்தக் கை உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள்.