காளி எலக்ட்ரோ, பாகம் இரண்டு

பாகம் இரண்டு கூழ்வத்தலுக்கு மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

காளிராஜ் கூரையின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டியிருந்த அந்தப் பழுப்புக் கேசட் நாடாவைப் பென்சிலில் சுற்றப் பார்த்தார். சுற்றிய இடத்தில் முறிந்தது. முறியாத இடத்தில் புறா எச்சம் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"காளி எலக்ட்ரோ அங்கிள்தானே? நான் ஜெபா, செம்பூர்ல இருந்து. நேத்து பேசினேனே. டேப்பெல்லாம் சேஃபா இருக்கா?"

"நல்ல உயரமான எடத்துல இருக்கும்மா. ஒருத்தரும் தொட முடியாது."

"தேங்க்யூ அங்கிள்! சீக்கிரம் மத்த பாகத்தையும் அனுப்புங்க. க்ரூப்ல எல்லாரும் பைத்தியமா இருக்காங்க."

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை என்று காளிராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசாட்சி கேட்டுக்கொண்டது, நம்பவில்லை.

இளவயதில் அவருக்குத் தாராவிப் பட்டறை ஒன்றில் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் வேலை. அது போக மிச்ச நேரத்தில், லேபர் கேம்ப் ஒற்றை அறையில், ஒரு கீபோர்டும் ஒரு டேப் ரிக்கார்டருமாக உட்கார்ந்து நான்கு கேசட் பதிந்தார். அட்டையில் 'காளி எலக்ட்ரோ' என்று அவரே எழுதி, பாகம் எண்ணும் போட்டார். சந்துக்காரர்கள் அதைக் கொசு சங்கீதம் என்றார்கள். பாகம் ஒன்றை மட்டும் கொஞ்சம் பிரதி எடுத்து, தெரிந்தவர்கள் தலையில் கட்டினார். அதில் ஒன்று எந்தப் பழைய சாமான் கடையிலோ கிடந்து, ஜெபா வகையறா கையில் அகப்பட்டு, இணையத்தில் ஏறி, இப்போது ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்களாம். அந்தக் காலத்துப் பதிவு அத்தனையையும் மறுபடி வெளியிட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம்.

மற்ற மூன்று பாகங்களையும் இதுவரை கேட்டவை புறாக்கள்தான். வத்தல் காயும்போது புறா அண்டாமலிருக்க மினுமினுவென்று ஏதாவது கட்டவேண்டும். "எடுத்துக்கோ, இனி எவன் கேக்கப்போறான்" என்று மனைவி மாரிசெல்வியிடம் கேசட்டுகளைத் தூக்கிக் கொடுத்தவர் சாட்சாத் காளிராஜேதான்.

இப்போது அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஜெர்மனி என்ற பேச்சு அடிபட்டதும், பக்கத்து வீட்டு விஜயராணி அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். கொசு மாஸ்டராகத் திரும்பிப் போக அவருக்கு மனமில்லை. ஆகவே தன் பழைய பாட்டைத் தானே போலி செய்வது என்று முடிவெடுத்தார்.

அதற்கு முதல் வேலை, மாரிசெல்வியை வீட்டைவிட்டு அனுப்புவது.

"மான்குர்த்ல ஒந் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வாயேன்."

"மறுபடியும் ரிக்கார்டிங்கா?" மாரிசெல்வி மெதுவான குரலில் கேட்டாள். "நான் வேணும்னா மூலையில வாயத் தொறக்காம இருக்கேங்க."

"ஒன் வாய எனக்குத் தெரியும்லா."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இதற்கொரு பழைய கதை உண்டு. பாகம் ஒன்றை மாட்டுங்காவில் ஒரு கேசட் கம்பெனிக்காரரிடம் கொண்டுபோனபோது, அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பின்னால யாரோ பொம்பள கத்துறாளே, இத எவன் வாங்குவான்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கத்தியது புதுப்பெண் மாரிசெல்வி. ஜன்னலுக்கு வெளியே பொதுக்குழாய். அங்கே தண்ணீர்ச் சண்டை. அன்றிலிருந்து எது நடக்காமல் போனாலும், "எல்லாம் ஒன் வாயாலதான்" என்பார் காளிராஜ். பரணிலிருந்து கீபோர்டு இறங்கினாலே அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தாழ்த்தித் தாழ்த்தி, பிறகு அதுவே அவள் குரலாகிவிட்டது.

ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வையில் குளித்தபடி காளிராஜ் வாசித்தார். பதிந்ததை, பாகம் இரண்டின் பழைய டேப்பிலிருந்து எடுத்தது என்று சொல்லி ஜெபாவுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஜெபா பேசினாள். "நல்லா இருக்கு அங்கிள். லேகின்... ஆனா, ரொம்பச் சுத்தமா இருக்கு. பாகம் ஒண்ணுல இருந்த அந்த உயிர் இல்லியே?"

போச்சு, என்று நினைத்தார் காளிராஜ். கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் காலத்துச் சத்தம் எதுவும் இல்லையென்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்? பாகம் மூன்றுக்கு ஜன்னலைத் திறந்துவைத்தார். அடுப்பில் வெறும் தண்ணீரோடு குக்கரை ஏற்றி விசில் விட்டார். தண்டவாளத்துப் பக்கமாகப் போய் லோக்கல் வண்டிச் சத்தத்தையும் பிடித்துவந்து சேர்த்தார். மாரிசெல்வி மறுபடி மான்குர்த்துக்குப் போனாள்.

"எக்கா, என்ன அடிக்கடி வார? அத்தான் அடிக்காவளா?" என்று தங்கச்சி கேட்டதாக இரவு வந்து சொன்னாள். காளிராஜுக்கு அது சுருக்கென்றது. இருந்தாலும் புகழ் வரும் நேரத்தில் அதையெல்லாம் பார்த்தால் முடியுமா?

ஜெபா இம்முறை தயங்கித் தயங்கிப் பேசினாள். "அங்கிள், கோபப்படாதீங்க. ஜப்பான்ல ஒருத்தர் எழுதியிருக்கார். எல்லாம் சரி, மெயின் ஆர்ட்டிஸ்ட் எங்கேன்னு."

காளிராஜ் போனை மறு காதுக்கு மாற்றினார். வாசித்தது நிஜக் காளி எலக்ட்ரோ இல்லை, யாரோ டூப்ளிகேட் என்றே தீர்மானித்துவிட்டார்களா?

"வருவாங்கம்மா, வருவாங்க. அடுத்த பாகத்துல முழுசா வருவாங்க." பயத்தில் தனக்குத்தானே மரியாதை கொடுத்துக்கொண்டார்.

"சச்? நெஜமாவா? இன்னும் இருக்காங்களா? உங்க வீட்லயா?"

"பின்ன? இங்கதான்."

"அங்கிள்! அப்ப சண்டே நேர்லயே வர்றோம். பைசானும் வருவான், மெஷின், கேமரா எல்லாம் எடுத்துட்டு. அவன்தான் க்ரூப்புக்கு அட்மின்."

போனை வைத்துவிட்டுக் காளிராஜ் கணக்குப் போட்டார். நேரில் வந்தால் கேசட்டைக் கேட்பார்கள். பாகம் நான்கையாவது அச்சு அசலாகச் செய்து, ஒரு பழைய கேசட்டில் ஏற்றிக் கையில் கொடுத்துவிட்டால் தப்பலாம். பாகம் ஒன்றில் இருந்து இதில் இல்லாதது என்ன என்று உட்கார்ந்து யோசித்தார். குழாயடிச் சண்டை! அதைக் கேட்டுத்தான் ஜப்பான்காரன் அசலென்று நம்பியிருக்கிறான்.

சண்டை வேண்டும், அதற்காக மாரிசெல்வியின் தொண்டை வேண்டாம். ஒரு தடவை பட்டது போதாதா? கேட்க இதமான குரலாகத் தேர்ந்தெடுத்தார். விஜயராணியும், எதிர்வீட்டுப் பேகமும். ஞாயிற்றுக்கிழமை காலை மாரிசெல்வி மூன்றாவது தடவையாகப் பையைத் தூக்கியதும், அவளுடைய பித்தளைக் குடத்தை எடுத்து, இப்போது வெறும் காற்று வரும் பொதுக்குழாயடியில் வைத்தார். வீட்டுக்குள் கீபோர்டில் தாளத்தைத் தட்டிவிட்டு, வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ம், ஆரம்பிங்க."

"நீங்க மொதல்ல புடிங்க மைனி" என்றாள் விஜயராணி.

"சேச்சே, நீங்க புடிங்க மைனி. ஒங்களுக்குத்தான் சமையல் நெறைய" என்றாள் பேகம்.

"சண்டை போடுங்கம்மா!" காளிராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "பழசு எதையாவது மனசுல நெனச்சுக்கிட்டாவது போடுங்க."

விஜயராணி கண்ணை மூடி நினைத்துப்பார்த்தாள். முகம் மாறியது.

"ஆமா மைனி, எங்க இட்லிக் கொப்பரைய வாங்கிட்டுப்போய் ஓட்டையாக்கித் தந்தியள்லா?"

"ஓட்டை நானா போட்டேன்? அது வரும்போதே ஓட்டைலா!"

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"ஒங்க மவன் கல்யாணத்துல எனக்கு எலை போடாம விட்டதயே நான் இன்னும் கேக்கல!"

காளிராஜ் முதலில் மகிழ்ந்துபோனார். பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. ஆனால் கல்யாணத்திலிருந்து சண்டை வடிகாலுக்குப் போய், வடிகாலிலிருந்து மாமியார்களுக்குப் போனது. சந்து முழுக்க வெளியே வந்து இரண்டு கட்சியாக நின்றது. யாரோ இழுக்க, பித்தளைக் குடம் உருண்டு படியில் மோதி நசுங்கியது. பேகம் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு திரும்பி, "எங்க ரெண்டு பேத்தையும் மூட்டிவிட்டது இந்த மாஸ்டர்தான்!" என்றாள். இரண்டு கட்சியும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்தது.

சரியாக அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெபா வந்தாள். கூடவே காதுக்கு மேலே ஹெட்ஃபோனும் தோளில் கேமராவுமாக ஓர் இளைஞன்.

"பைசான், இவர்தான் நான் சொன்ன அங்கிள். டேப்பெல்லாம் இவர்தான் பத்திரமா வெச்சிருக்கார்."

பைசான் காளிராஜுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கேமராவைச் சந்து முழுக்கச் சுற்றிக் காட்டினான். கூரைப்பக்கம் வந்ததும் நிறுத்தினான்.

"அரே ஜெபா, ஊப்பர் தேக், மேல பாரு. அங்க ஆடுதே, அது டேப்தானே?"

சந்து மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

"அது வத்தலுக்குக் கட்டுனதுலா" என்றாள் விஜயராணி, கண்ணைத் துடைத்தபடி. "மாரிசெல்வி அக்கா வருசா வருசம் கட்டுவாவ. புறா வராது."

ஜெபா மெல்லக் காளிராஜிடம் திரும்பினாள். "அப்ப நீங்க அனுப்பினது?"

"போன வாரம் வாசிச்சதும்மா" என்றார் காளிராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு. ஜெபாவின் முகத்தில் கோபம்கூட இல்லை, ஏமாந்த குழந்தையின் முகமாக இருந்தது. பேகம் ஒருபக்கம் மூக்கைச் சிந்தினாள். உள்ளே ஆள் இல்லாத கீபோர்டு வெட்கமில்லாமல் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. காளிராஜுக்கு வெட்கம் தாங்கவில்லை. இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், ஒரு சின்னப் பெண்ணை ஏமாற்றி, சிநேகிதமாக இருந்த இரண்டு பொம்பளைகளைப் பகைக்க வைத்து, எதற்கு இதெல்லாம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். போய்விடலாமென்றால் சந்தில் வழியுமில்லை.

அப்போது சந்து முனையில் மாரிசெல்வி தெரிந்தாள். தங்கச்சி வீட்டில் இல்லை என்று போனில் தெரியவந்து, பாதி வழியில் திரும்பியிருக்கிறாள். கூட்டத்தைப் பார்த்தாள். சாக்கடை ஓரத்தில் வாய் நசுங்கிக் கிடந்த தன் கல்யாணக் குடத்தைப் பார்த்தாள். பையைக் கீழே போட்டாள்.

"எவட்டி அது, எங் கொடத்த நகட்டுனது! கேக்கேன்லா! சொல்லு! சொல்லு! சொல்லுட்டி!"

கூரையில் தைரியமாக உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. இரண்டு கட்சியும் வாயை மூடியது. உள்ளிருந்து வந்த தாளமும் அவளுடைய 'சொல்லு, சொல்லு'வும் பிசகாமல் ஒன்றாக விழுந்ததைக் காளிராஜ் வாழ்நாளில் முதல்முறையாகக் கவனித்தார்.

ஜெபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பைசானுடைய உதடு, கோயிலில் மந்திரம் சொல்கிறவனைப்போல, மாரிசெல்வியோடு சேர்ந்து அசைந்தது. அடுத்த வார்த்தை என்னவென்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

வெளியாட்களைப் பார்த்ததும் மாரிசெல்வி திடுக்கிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கணவனைப் பார்த்து, பழைய மெல்லிய குரலில், "ரிக்கார்டிங் ஓடுதாங்க? தெரியாமக் கத்திட்டேன்" என்றாள்.

காளிராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஸாரி அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, பைசான் மாரிசெல்வியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மைக்கை அவள் முன்னால் நீட்டினான்.

"ஆன்ட்டி, பாகம் ஒண்ணுல உங்களுக்குப் பின்னாடி யாரோ கீபோர்டு வாசிச்சாரே, அந்த ஆள் இன்னும் இருக்காரா?"