மூன்றால் இருமுறை பெருக்கிய சோப்பு

பயந்த சுபாவக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார்கள்; பிறகு திரும்பி வந்து பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். நானும் அந்த ரகம்தான். பூட்டை இரண்டு முறை இழுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கணக்கில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்பதைத் திருத்தணி மலைப்படியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் நடுவே, என் மாமனார் காட்டினார். (பாவம், காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.)

அப்போது யுத்த காலம். சென்னையில் இன்டர்மீடியட் முடித்த கையோடு என்னைத் திருத்தணியில் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமனாருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. எனக்கோ மேலே ரசாயனம் படிக்க ஆசை. என் கணவர் (பாவா என்றுதான் கூப்பிடுவேன்) நல்ல சமயம் பார்த்து அப்பாவிடம் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"இதுவரைக்கும் படிச்சதுல வீட்டுக்கு இன்னா பிரயோஜனம்னு காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார் மாமா.

சோப்புக்காகக் கடை கடையாக அலைந்த நாட்கள் அவை. "சோப்பு நானே செஞ்சு தர்றேன் மாமா" என்று வாய் சொல்லிவிட்டது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் வரும். எண்ணெய் மூலக்கூறு ஒன்றுக்குக் காஸ்டிக் மூன்று வேண்டும். எடைக்குக் கொண்டுவந்தால், எண்பத்தெட்டு தோலா கடலையெண்ணெய்க்குப் பன்னிரண்டு தோலா காஸ்டிக். போடுவது நூறு என்றால், தண்ணீர் காய்ந்தபின் கிடைப்பதும் நூறு. காஸ்டிக் குறைந்தால் பிசுபிசுக்கும், கூடினால் தோல் உரியும்.

"அந்த மூன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்று எங்கள் பேராசிரியை எச்சரித்திருந்தார். நான் மறக்கவில்லை. மூன்றால் பெருக்கித்தான் முதல் வரியையே எழுதினேன். ஆனால் பன்னிரண்டு என்று விடை வந்ததும், 'ஐயோ, மூன்றை விட்டுவிட்டேனோ?' என்று பயம் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டையும் மூன்றால் பெருக்கினேன். முப்பத்தாறு. அப்பாடா!

பொதட்டூர்பேட்டையில் நூலுக்குச் சாயம் போடுகிறவரிடமிருந்து பாவா காஸ்டிக் வாங்கிவந்தார். கிளறி, தட்டில் ஊற்றி, துண்டு போட்டு, மூன்று வாரம் காயவைத்து நிறுத்துப் பார்த்தால் நூறு தோலா அல்ல, நூற்றிருபத்துநாலு!

"கணக்குக்கு மேலயே வந்துகீதே! கெட்டிக்காரிதான்" என்றார் மாமா.

என் உள்ளங்கை உரிந்துபோயிருந்தது. புதுச் சோப்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். (இவளுக்கு ரசாயனத்தில் முதல் வகுப்பு வேறு!) பாராட்டுக் கிடைத்த உற்சாகத்தில், காவடிக்கென்று மாமா எடுத்துவைத்திருந்த பட்டு வேட்டியை அந்தச் சோப்பைக் கரைத்த சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே மஞ்சள் நூல் வேட்டியில் போக, மாமா மட்டும் பட்டில். ஜவுளிக்கடைக்காரர் அல்லவா! பூக்காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பாவா கூட வர, காலையிலேயே கிளம்பிவிட்டார். நான் சமையலை முடித்துவிட்டுப் பின்னால் போவதாக ஏற்பாடு.

உலை கொதிக்கும்போதுதான் அந்த அதிகப்படி இருபத்துநாலு மனதை அரிக்கத் தொடங்கியது. பொருள் எப்படித் தானாகப் பெருகும்? நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் ஒரு மூன்று. கடைசி வரியில் இன்னொரு மூன்று.

காஸ்டிக் நூல் துணியை அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் செய்யாது. பட்டைத் தின்றுவிடும். மடித்துவைத்தால் பார்வைக்கு முழு வேட்டிதான், இழுபட்டால் போயிற்று. மலைக்கோ முந்நூற்று அறுபத்தைந்து படி!

கொடியில் கிடந்த நூல் வேட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். படியேறும்போது அடுப்பை அணைத்தேனா என்று வேறு சந்தேகம். நாலாபக்கமும் "அரோகரா!" ஒவ்வொரு காவடியின் கீழும் குனிந்து முகம் பார்த்தேன். எந்தப் படியில் கூட்டம் சிரிக்கப்போகிறதோ என்று காது ஒரு பக்கம் பதறிக்கொண்டிருந்தது. பாதி மலையில் ஒருவழியாக மாமா அகப்பட்டார்.

"மாமா, நில்லுங்க!"

"காவடி எடுத்துகினு நடுவுல நிக்கக் கூடாதும்மா. இன்னா அவசரம்?"

"வேட்டி மாமா, வேட்டி!"

"வேட்டிக்கு இன்னா?"

கேட்டுக்கொண்டே அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். சர்ரென்று ஒரு சத்தம். இன்னொரு படி, இன்னொரு சர். அவருடைய இரண்டு கைகளும் காவடியில்!

"நைனா, ஆடாம நில்லு!" என்று பாவா என் கையிலிருந்த வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார். நான் திரும்பி நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கடைசியில் சரிகைக் கரை மட்டும் அரைஞாண்கயிறு போல இடுப்பில் தொங்கியதாகப் பாவா பிறகு சொன்னார்.

பின்னால் வந்த தெலுங்கு அம்மாள் ஒருத்தி பக்தியோடு கேட்டாள்: "இதேம் மொக்கு ஐயா?" (இது என்ன வேண்டுதல் என்கிறாள்.)

"சோப்பு மொக்கு!" என்று உறுமிவிட்டு மாமா மேலே ஏறினார். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று முழுக்க, மாமா என்னைப் பெட்டியைக் கட்டச் சொல்லிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை, பெட்டியைக் கட்டத்தான் சொன்னார்.

"எங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியை எடுத்தேன்.

"காலேஜுக்குத்தான். அரைகுறையா விட்டா கடையில இருக்கற பட்டெல்லாம் போயிடும். முழுசா படிச்சிட்டு வா, போ."

படித்தேன். வாத்தியாரம்மாவும் ஆனேன். மாமாவும் வருஷம் தவறாமல் காவடி எடுத்தார். ஆனால் அதன்பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேட்டி கட்டிக்கொண்டுதான் படியேறுவார். யாராவது கேட்டால், "மேல இருக்கறது முருகனுக்கு, உள்ள இருக்கறது மருமகளுக்கு" என்பார். இன்றும் எங்கள் வீட்டு ஆண்கள் மலைக்குப் புறப்பட்டால், வாசலில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே சத்தமாகக் கேட்பார்: "மருமக வேட்டி கட்டியாச்சா?"