வண்ணத்துப்பூச்சிக்கு வழங்கிய நிலம்

பழைய ஆவணங்களில் உள்ள இழிசொற்களால் குடிமக்களின் மனம் புண்படக் கூடாது என்று மேலிடம் பெரிய மனது பண்ணி முடிவெடுத்தது. திருவள்ளூரில் இருந்த ஓர் ஆவணக் காப்பகத்துக்கும் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. சாதியைக் கேவலமாகக் குறிக்கும் சொல் ஒவ்வொன்றையும் மறைத்துவிட வேண்டும். எந்தெந்தச் சொற்கள் என்று அதில் இல்லை. எழுதியிருந்தால் சுற்றறிக்கையையே மறைக்க வேண்டியிருக்கும்.

தனி அலுவலர் துளசிராமன் இதற்கெல்லாம் கவலைப்படவில்லை. அவருடைய ஊழியர்கள் பட்டியல் எதுவும் கேட்காமலே ஒரு சொல் விடாமல் ஒட்டித் தீர்த்தார்கள். வெள்ளைத்தாளுக்கு டெண்டர் முடியாததால், பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர்தான் கிடைத்தது. 'மாண்பு மீட்பு வாரம்' என்று பேனர் கட்டி, அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தான் ஞானம்மா வந்தாள். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் ஒப்பந்த வேலை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி வந்திருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் அவளுடைய சாதிக்காரர்களுக்கென்றே கொடுத்த நிலம். வேறு யாரும் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. இப்போது அதைச் சுற்றி ஒரு கிடங்கு முதலாளி மதில் எழுப்பிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. சான்றிட்ட நகல் இல்லாவிட்டால் நிலம் போன மாதிரிதான்.

ஆவணத்தை எடுத்துப் பார்த்தால், முதலில் ஒரு வண்ணத்துப்பூச்சி, அதற்கடுத்து 'இனத்தாருக்கு மட்டும் வழங்கப்படுகிறது' என்று இருந்தது.

துளசிராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "யாருக்குக் குடுத்ததுன்னு இதுல இல்லையேம்மா."

"பூச்சிக்கு அடியில கீது சார்."

பிய்த்தால் ஆவணம் கிழிந்துவிடும். ஓரத்தில் எழுதினால் சட்டப்படி குற்றம். இந்தக் காலத்து மரியாதையான பெயரைப் போடக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, வரலாற்றைத் திருத்த நாம் யார் என்று துளசிராமன் உருகினார். வேண்டுமானால் அடியில் என்ன சொல் இருக்கிறதென்று அவளே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டால் பரிசீலிக்கலாமாம்.

"அத்த எய்துனது நாங்க இல்ல சார். நான் இன்னாத்துக்கு எய்தணும்?"

விண்ணப்பதாரரின் மாண்பைக் காக்கும் பொருட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, எழுத்தர் சுப்பிரமணி உள்ளே வந்து, இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றது யார் என்று விசாரித்தார். துளசிராமன் டீயை உறிஞ்சியபடி ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

ஞானம்மா திரும்பி வந்து மேசை முன்னால் நின்றாள். "இப்ப ஒண்ணு சொன்னீங்களே சார், அத்தயே எய்தி சீல் குத்திக் குடுங்க. அது போதும்."

துளசிராமன் ஒரு தாளை எடுத்து ஊழியர்களிடம் நீட்டினார். அப்படி ஒரு சொல் தங்கள் காதில் விழவே இல்லை என்று ஊழியர்கள் அனைவரும் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்தத் தாளுக்கு உடனே சீல் விழுந்தது. திங்கட்கிழமை நிலம் கிடங்குக்காரர் பக்கம் போய்விட்டது.

மாண்பு கருதி, அந்தச் சொல்லை நானும் இந்தக் கதையில் ஓரிடத்திலும் எழுதவில்லை. என்ன சொல் என்று நீங்களும் கேட்கவில்லை.